வீட்டுக் கணக்கு: காருக்குள் அடைபட்ட காற்று

சென்ற இதழில் குடிநீர் வடிகட்டும் யந்திரங்களைப் பற்றி இப்பகுதியில் நாம் எழுதியதைப் படித்துவிட்டு அன்பர்கள் சிலர் கடிதம் விடுத்திருக்கின்றனர். அவற்றுள் யாப்ராலில் வாழும் சகோதரி ஒருவரது கடிதம் இரண்டு நாட்கள் நம் சட்டைப் பையிலேயே இருந்தது. "எங்கள் பழைய காரில் வைத்துக்கொள்ள மலிவான காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்க எண்ணுகிறோம். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் எங்களால் இயலாது. குழந்தைக்கு அடிக்கடி மூச்சு இழுக்கிறது. எதை வாங்கலாம்?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

கடிதத்தைக் கண்டதும் நமக்குச் சிறிது வெட்கமாகத்தான் இருந்தது. சென்ற கார்த்திகை மாதத்தில் இதே கேள்வியை நாமே கேட்டுக்கொண்டு, தவறான விடையைத் தேடிப் பிடித்து, 700 ரூபாயை இழந்ததோடு பெற்ற தாயையும் துன்புறுத்திவிட்டோம். ஆகவே சகோதரிக்கு விடை கூறுமுன் அக்கதையைக் கூறிவிடுவதே முறையாகும்.

நாம் குடியிருப்பது சைனிக்புரியில். முன்னாள் படைவீரர்களுக்காக எழுந்த குடியிருப்பு அது என்பதைப் பெயரே கூறும். தெருவுக்குத் தெரு வேம்பும் புங்கும் நிழல் பரப்பி நிற்பதால், நகரின் தூசி இங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்று புதிதாய்க் குடிவருவோர் நினைப்பதுண்டு. நாமும் அவ்வாறே நினைத்தோம். ஊரிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி கழிந்தபின் நம் தாயார் வந்து தைப் பொங்கல் வரை நம்முடன் தங்குவது வழக்கம். அவருக்கு நெடுநாளைய இளைப்பு நோய் உண்டு. மாதம் இருமுறை லாலாகுடாவிலுள்ள ரயில்வே மத்திய ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டும். அதற்காகவே, நம் உத்தியோகத்திற்கும் வருவாய்க்கும் சற்று மீறியதாயினும், பத்து வயது முதிர்ந்த சிறிய பெட்ரோல் கார் ஒன்றைக் கைமாற்றாக வாங்கி வைத்திருக்கிறோம்.

வீட்டிலிருந்து நேரேட்மெட் வரை வழி சுகமே. ஸபில்குடா தாண்டி மல்காஜ்கிரியை நெருங்குகையில்தான் சோதனை. முன்னே நகரப் பேருந்து, பக்கத்தில் மணல் லாரி, இருபுறமும் ஆட்டோக்கள்; கார் நகர்வது ஊர்வலத்தில் தேர் நகர்வது போல. மெட்டுகுடா சேர்வதற்குள் அம்மாவுக்கு இருமல் தொடங்கிவிடும். வைத்தியரைப் பார்க்கப் போகும் வழியிலேயே நோய் முற்றுமாயின் அப்பிரயாணத்தால் யாது பயன்? இவ்வெண்ணந்தான் நம்மைக் காற்றுச் சுத்திகரிப்பானைத் தேடத் தூண்டிற்று.

தேடத் தொடங்கியதும் கைப்பேசியில் விளம்பரங்கள் வந்து குவிந்தன. கட்டைவிரல் பருமனுள்ள கருவி ஒன்று. சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினால் போதும். நீல விளக்கு எரியும். கோடிக்கணக்கான 'அயனிகள்' பாய்ந்து புகையையும் தூசியையும் கிருமியையும் ஒழிக்கும். விலை 700 ரூபாய். இத்தனை மலிவாக இத்தனை நன்மையா என்று ஐயுற வேண்டிய நாம், மலிவாயிற்றே என்று மகிழ்ந்தோம். பில் சரிபார்க்கும் வேலையில் பதினான்கு ஆண்டுகளாக இருப்பவர்க்கும் சொந்தப் பணம் என்று வரும்போது கண் மறைந்துவிடுகிறது.

கருவியைச் செருகி அடுத்த முறை புறப்பட்டோம். காருக்குள் ஒருவித மணம் எழுந்தது. இடி மின்னலுக்குப் பின் வீசுமே, அத்தகைய கூரிய வாசனை. "காற்று சுத்தமாகிவிட்டது, பார்த்தீர்களா அம்மா?" என்று பெருமையோடு கேட்டோம். அம்மா விடை கூறவில்லை. மல்காஜ்கிரி வருமுன்னரே, நேரேட்மெட்டிலேயே, இருமல் தொடங்கிவிட்டது. அன்றைய இருமல் வழக்கத்தைவிடக் கடுமை. ஆஸ்பத்திரி வாயிலில் இறங்கியபோது, "அந்த நீல விளக்கை அணைத்துவிடப்பா, நெஞ்சைக் கீறுகிறது" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவின் நெஞ்சு கண்டுபிடித்ததை நாம் பின்னர்தான் படித்தறிந்தோம். அம்மணம் ஓஸோன் என்னும் வாயுவின் மணமாக இருக்க வேண்டும். காற்றில் மின்னேற்றம் செய்யும் இத்தகைய கருவிகள் பல, கூடவே ஓஸோனையும் உண்டாக்குகின்றன. வானத்தின் உயரத்தில் இருந்துகொண்டு சூரியனின் கொடிய கதிர்களைத் தடுக்கையில் அது நமக்கு நண்பன். மூக்கருகே வந்தால் நுரையீரலைப் புண்படுத்தும் பகைவன். இளைப்பு உடையவர்களை அது முதலில் தாக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் வீட்டுக்குள் வைக்கும் காற்றுச் சுத்திகரிப்பான்கள் வெளியிடும் ஓஸோன் காற்றில் பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேற்படலாகாது என்று 2007-ஆம் ஆண்டிலேயே விதி வகுத்திருக்கின்றனர். நம் 700 ரூபாய்க் கருவியின் பெட்டியில் ஓஸோன் என்ற சொல்லே காணப்படவில்லை. அது இப்போது நம் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. கொடுத்துவிடலாமென்றால் யாருக்குக் கொடுப்பது?

நிற்க. காற்றில் எதை வடிகட்ட விரும்புகிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் புழுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், இருமினால் வெளிவந்துவிடும். உண்மையான தீங்கு கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாலேயே. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்ததுமான இவற்றை பி.எம். 2.5 என்று குறிப்பர். தலைமயிர் ஒன்றின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. டீசல் புகை, குப்பை எரிக்கும் புகை, தொழிற்சாலைப் புகை யாவற்றிலும் இவை உண்டு. நுரையீரலின் கடைசி அறைவரை சென்று தங்கும் ஆற்றல் இவற்றுக்கு இருக்கிறது. நம் நாட்டில் 2009-இல் வகுத்த விதிப்படி ஒரு நாளைய சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. உலக சுகாதார ஸ்தாபனமோ 2021-இல் இதனை 15 என்று குறைத்துவிட்டது. 2019-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், அளவு மீறிய நகரங்களின் ஜாபிதாவில் ஹைதராபாத்தும் இடம் பெற்றது. நம் பேட்டைக்கு அருகே ஈ.ஸி.ஐ.எல். காப்ராவில் காற்றை அளக்கும் நிலையம் ஒன்று உண்டு. 'ஸமீர்' என்னும் அரசாங்கக் கைப்பேசிச் செயலியில் அதன் கணக்கைக் காணலாம். மார்கழிக் காலையில் அதனைப் பார்ப்பவர்கள், சைனிக்புரி மரங்களின்மீது நாம் வைத்த நம்பிக்கையை ஓரளவு குறைத்துக்கொள்வர். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழாது தேங்கிவிடுவதால் புகையும் அதனோடு தேங்கி நிற்கிறது.

இத்தகைய துகளைப் பிடிக்க நெருங்கிய இழைகளாலான வடிகட்டி வேண்டும். அவ்வடிகட்டியினூடே காற்றைத் தள்ள விசிறி வேண்டும். இவ்விரண்டும் இல்லாத எதுவும், விளக்கு எந்நிறத்தில் எரிந்தாலும், சுத்திகரிப்பான் ஆகாது. இதைப் படித்து அறிந்துகொண்ட அன்றிரவுதான் நம் மூளையில் ஒரு பொறி தட்டிற்று. விசிறியும் வடிகட்டியும் நம் காரில் முன்பே இருக்கின்றனவே!

ஏ.ஸி. உள்ள கார்களில் பெரும்பாலானவற்றில், முன்னிருக்கையின் இடப்பக்கம் காகிதங்கள் வைக்கும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னே, ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவில் மடிப்பு மடிப்பாக வடிகட்டி ஒன்று செருகப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் அதனை 'ஏ.ஸி. பில்டர்' என்பர். இஞ்சினுக்குச் செல்லும் காற்றை வடிகட்டும் ஏர் பில்டர் வேறு. கடையில் கேட்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. ஞாயிற்றுக்கிழமை காலை க்ளவ் பாக்ஸை இருபுறமும் உள்நோக்கி அழுத்திக் கீழே இறக்கினோம். திருப்புளி தேவைப்படவில்லை. மூடியைக் கழற்றி வடிகட்டியை இழுத்தபோது முதலில் விழுந்தவை காய்ந்த வேப்பிலைகள். பின்னர் எலி கொறித்த பஞ்சுத் துணுக்குகள். அதன்பின் வெளிவந்தது, ஒரு காலத்தில் வெண்மையாக இருந்திருக்கக்கூடிய கரிய பலகை ஒன்று. அதன் ஒரு மூலையை எலி முற்றிலும் தின்றிருந்தது.

வீட்டில் ரசீதுகளைக் கட்டி வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கார் பழுது பார்த்த ரசீதுகளைப் புரட்டினோம். இரண்டு ஆண்டுகளில் இருமுறை, 'ஏ.ஸி. பில்டர் மாற்றியமைக்கு' என்று 450 ரூபாய் வீதம் நம்மிடம் வாங்கப்பட்டிருந்தது. அந்தப் பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பழுது பார்க்கக் கொடுக்கும் அன்பர்கள், மாற்றிய பழைய பொருளைக் கையில் தருமாறு கேட்டு வாங்குவது நலம். அரசாங்கக் காரியாலயத்தில் பழைய பல்பைக் கணக்குக் காட்டாமல் புதிய பல்பு பெற முடியுமா? அந்த விதியை நாம் நம் வீட்டில் பின்பற்றத் தவறிவிட்டோம்.

அன்று மாலையே ராணிகஞ்சுக்குச் சென்றோம். சிகந்தராபாத்தில் மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற கடைவீதி அது. கடைக்காரர் மூன்று வகை எடுத்துப் போட்டார். சாதாரணக் காகித வகை 250 ரூபாய். அதில் கரித்தூள் கலந்தது 400 ரூபாய். நுண்துகளுக்கென்றே நெருங்கிய இழைகளோடு செய்தது 900 ரூபாய். "இது ஹெபா சார், ஆஸ்பத்திரிக் குவாலிட்டி" என்று மூன்றாவதைத் தட்டிக்காட்டினார். ஹெபா என்பது இழைநெருக்கம் மிகுந்த வடிகட்டிக்கு ஒரு தரப்பெயர். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடித்தால்தான் அப்பெயர் தகும். 0.3 என்ற அளவை ஏன் தேர்ந்தார்கள் எனில், அவ்வளவில் உள்ளவையே வடிகட்டியை ஏமாற்றி நழுவுவதில் கைதேர்ந்தவை. அவற்றைவிடப் பெரியனவும் சிறியனவும் இழைகளில் எளிதாய்ச் சிக்கிக்கொள்ளும். ஆனால் கார் ஏ.ஸி.யின் சிறிய விசிறி, அத்தனை நெருக்கமான துணியினூடே காற்றைத் தள்ளத் திணறும், குளிர்ச்சி குறையும். ஓரங்களில் இடைவெளி இருந்தால் காற்று அவ்வழியே ஓடிவிடும். பெட்டியில் 'ஹெபா' என்று அச்சிட்டிருப்பதாலேயே அது ஹெபா ஆகிவிடாது என்பதையும் கூற வேண்டும். எனினும் நெருங்கிய இழைகள் காகிதத்தைவிட மேல் என்பதில் ஐயமில்லை. நடுவிலுள்ளதை வாங்கவே நம் கை நீண்டது. அம்மாவை நினைத்து மூன்றாவதை வாங்கினோம்.

இனி, நம் தொழிலுக்கேற்ற கணக்கு. சிறிய கார் ஒன்றின் உள்ளிடம் ஏறக்குறைய 3 கன மீட்டர். கடைகளில் விற்கும் சிறிய கார்ச் சுத்திகரிப்பான்களில் விசிறியும் நல்ல வடிகட்டியும் உள்ள ஒன்று, மணிக்கு 15 கன மீட்டர் தூய காற்றைத் தருவதாகக் கொள்வோம். அதாவது கார் முழுவதிலுமுள்ள காற்றை 12 நிமிஷத்துக்கு ஒரு தடவை கழுவுகிறது. கேட்க நன்றாகவே இருக்கிறது. காரின் சொந்த ஏ.ஸி. விசிறியோ, மெதுவாகச் சுற்றும்போதே மணிக்கு 100 கன மீட்டர் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். அதன் வடிகட்டி நுண்துகளில் பாதியை மட்டுமே பிடித்தாலும், மணிக்கு 50 கன மீட்டர் தூய காற்றுக்கு அது சமம். 5,000 ரூபாய் யந்திரத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல்! நுண்மையில் யந்திரம் வெல்லும். அளவில் காரின் விசிறி வெல்லும். காருக்குள் அளவுதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது.

இக்கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. வெளிக்காற்று தடையின்றி உள்ளே வந்துகொண்டிருந்தால், ஓட்டைப் பாத்திரத்தில் நீர் இறைத்த கதையாகிவிடும். ஏ.ஸி. பொத்தான்களுக்கிடையே, கார் உருவத்துக்குள் வளைந்து திரும்பும் அம்பு வரைந்த பொத்தான் ஒன்று இருக்கும். அதனை அழுத்தினால் வெளிக்காற்று வரும் வழி அடைபட்டு, உள்ளிருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுழலும். பெரும்பாலான கார்களில் சுழலும் காற்றும் அதே வடிகட்டி வழியே செல்கிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் காற்று மேலும் தெளிவடையும். இங்கிலாந்தின் ஸர்ரே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் உலகில் பத்து நகரங்களில் கார்களுக்குள் நுண்துகளை அளந்தனர். 2021-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியில் நம் சென்னையும் ஒன்று. கண்ணாடியை இறக்கிவிட்டுச் சென்றவர்கள் மிகுதியான துகளைச் சுவாசித்தனர். கண்ணாடியை ஏற்றி உட்சுழற்சியில் வைத்தவர்களே மிகக் குறைவாகச் சுவாசித்தனர். அப்பொத்தானுக்கு நாம் தனியே பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆயின் அப்பொத்தானை அழுத்தியபடியே மணிக்கணக்கில் செல்வதும் ஆகாது. காரணம், நாம் விடும் மூச்சு. அமர்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். நால்வர் அமர்ந்த காரில் 10 நிமிஷத்தில் 12 லிட்டர். 3,000 லிட்டர் கொள்ளும் அறையில் அது பத்து லட்சத்தில் 4,000 பங்கு. வெளிக்காற்றில் இவ்வாயு சற்றேறக்குறைய 420 பங்குதான். அறைகளில் 1,000-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்வது வழக்கம். கார் முழுவதும் அடைபட்டதன்று, இடுக்குகள் வழியே சிறிது காற்று புகும், ஆகையால் உண்மையில் இவ்வளவு ஏறாது. ஆயினும் தலைகனமும் தூக்கமும் வருவதற்கு வேண்டிய அளவு ஏறிவிடும். எந்தச் சுத்திகரிப்பானும், ஹெபாவாயினும் கரியாயினும், இவ்வாயுவைப் பிடிப்பதில்லை. நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் கண்ணயர்வதன் விபரீதத்தை விளக்க வேண்டியதில்லை. இஞ்சின் புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மானாக்ஸைடையும் இவை பிடிக்கமாட்டா; மூடிய ஷெட்டில் இஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் அமர்வது எக்காலத்தும் கூடாது.

நம் ரயில்வேயிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஏ.ஸி. பெட்டிகளின் கூரைமீது அமைந்த குளிர்சாதனம், வழக்கமாக நூற்றுக்கு 80 பங்கு உள்காற்றைச் சுழற்றி, 20 பங்கு புதிய காற்றைச் சேர்த்து, மணிக்கு 6 முதல் 8 தடவை காற்றை மாற்றி வந்தது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது, ராஜதானி மார்க்கங்களில் ஓடிய 15 ஜோடி ரயில்களில் புதிய காற்றின் அளவைக் கூட்டி மணிக்கு 16 முதல் 18 தடவை மாற்றச் செய்தனர். மின்சாரச் செலவு கூடுமென்று தெரிந்தே அவ்வாறு செய்தனர். உள்ளே சுழல்வதற்கும் வெளியிலிருந்து வருவதற்கும் இடையே ஓர் அளவு வேண்டும் என்பது அங்கே யந்திரத்தின் பொறுப்பு. நம் காரில் அது நம் விரலின் பொறுப்பு. நெரிசலிலும் லாரிக்குப் பின்னேயும் உட்சுழற்சி. மரநிழற் சாலை வந்ததும் சில நிமிஷம் வெளிக்காற்று. நேரேட்மெட் வரை திறப்பு, மல்காஜ்கிரியில் அடைப்பு, மெட்டுகுடா தாண்டியதும் மீண்டும் திறப்பு என்று நாம் ஒரு கால அட்டவணையே வைத்திருக்கிறோம். அம்மா அதனை 'ஸிக்னல் போடுவது' என்கிறார்.

அம்மாவைப் பற்றிக் கூறும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. புதிய வடிகட்டியைப் போட்டபின், காரியாலய நண்பர் ஒருவரிடம் துகள் அளக்கும் சிறு கருவியை இரவல் வாங்கி வந்தோம். ஈரக்காற்றில் அது சற்று மிகைப்படக் கூறுமென்றாலும், உள்ளுக்கும் வெளிக்குமுள்ள வேற்றுமையை அறியப் போதுமானது. பத்து நிமிஷத்தில் காருக்குள் எண் பாதிக்கும் கீழே இறங்கியது கண்டு மகிழ்ந்தோம். மறுநாள் வெள்ளிக்கிழமை. புறப்படுமுன் அம்மா டாஷ்போர்டுப் பிள்ளையாருக்கு வழக்கம்போல் ஊதுபத்தி ஒன்று கொளுத்தி வைத்தார். கருவியின் எண் தாவி ஏறி, மல்காஜ்கிரி நெரிசலில் நாம் கண்ட எண்ணையும் கடந்துவிட்டது! "இத்தனை நாளும் லாரிக்காரனைத் திட்டினாயே, அப்பா" என்று அம்மாவே சிரித்தார். இப்போது பிள்ளையாருக்கு ஒரு செம்பருத்திப் பூ மட்டும். அவர் குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மணத்துக்காகத் தொங்கவிடும் வாசனைப் புட்டிகளும் இளைப்பு உடையவர்க்கு ஆகா. அவை நாற்றத்தை மறைக்குமேயன்றித் துகளைக் குறைப்பதில்லை.

இனி, சகோதரியின் கேள்விக்கு வருவோம். இரண்டாயிரம் ரூபாயில் எந்த யந்திரம் வாங்கலாம் என்றால், யந்திரம் எதுவும் வாங்க வேண்டாம் என்பதே நம் முடிவு. அவ்விலையில் நாம் கண்டவையெல்லாம் ஒன்று அயனிக் கருவி, அல்லது உள்ளங்கையளவு வடிகட்டியோடு கூடிய விளையாட்டுச் சாமான். 400 முதல் 900 ரூபாய்க்குள் நல்ல ஏ.ஸி. பில்டர் ஒன்று வாங்கித் தாங்களே பொருத்துங்கள். விளிம்பில் காற்றுச் செல்லும் திசையைக் காட்டும் அம்பு இருக்கும். உள்ளே விசிறி எத்திசையில் காற்றை இழுக்கிறதோ அத்திசைக்கு அம்பு இருக்க வேண்டும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று புத்தகங்கள் கூறினாலும், நம் நகரத் தூசிக்கு ஆண்டில் இருமுறை மாற்றுவதே சரி. தீபாவளி கழிந்ததும் ஒன்று, கோடை முடிவில் ஒன்று. மீதிப் பணத்தில் கால்மிதிகளையும் இருக்கைகளையும் நன்றாகத் தூசி உறிஞ்சச் செய்யுங்கள். மிதித்து மிதித்து எழும் புழுதியும் குழந்தையின் மூக்குக்கே செல்கிறது. இவற்றால் இளைப்பு நோய் தீர்ந்துவிடுமென்று நாம் கூறவரவில்லை. வைத்தியர் கொடுத்த மருந்தையும் உறிஞ்சும் குழலையும் எக்காரணத்தாலும் நிறுத்தலாகாது.

சில பழைய கார்களில், விலை குறைந்த வகைகளில், பில்டர் வைக்கும் இடமே இராது. அல்லது இடம் இருந்தும் வெறும் வலை மட்டும் இருக்கும். அத்தகைய கார் உடையவர்க்கும், நாள்தோறும் இரண்டு மணி நேரம் நெரிசலில் கழிப்பவர்க்கும் தனி யந்திரம் பயன்படலாம். அவர்கள் கடையில் கேட்க வேண்டியவை சில. மணிக்கு எத்தனை கன மீட்டர் தூய காற்று தருகிறது? இதனை சி.ஏ.டி.ஆர். என்ற எழுத்துக்களால் பெட்டியில் குறித்திருப்பார்கள். அவ்வெண் இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம். வடிகட்டியைத் தனியே வாங்க முடியுமா, அதன் விலை என்ன, அடுத்த ஆண்டும் கிடைக்குமா? யந்திரம் 5,000 ரூபாய், ஆண்டுதோறும் வடிகட்டி 1,200 ரூபாய் என்றால், ஐந்து ஆண்டுகளில் கிட்டத்தட்ட 10,000 ரூபாய் ஆகிறது. 400 ரூபாய் பில்டரை ஆண்டில் இருமுறை மாற்றினால் அதே ஐந்து ஆண்டுகளில் 4,000 ரூபாய். அயனி விடும் பகுதி இருந்தால் அதனைத் தனியே அணைத்து வைக்க வழி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கரித்தூள் பற்றி அதிகம் ஆசைப்பட வேண்டாம். புகை நாற்றத்தை அது பிடிக்கும் என்பது உண்மையே. சில கிராம் கரி சில வாரங்களில் நிறைந்துவிடும் என்பதும் உண்மையே. 2019-இல் வந்த கியா செல்டோஸ் உட்பட, விலையுயர்ந்த கார்கள் சிலவற்றில் சுத்திகரிப்பான் உடன்பிறந்தே வருகிறது. அது நம் இதழின் வாசகர் பலருக்கு இப்போதைக்கு வேண்டாத செய்தி.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்கையில், ஜன்னலுக்கு வெளியே ஸ்கூட்டரில் குழந்தையை முன்னே நிறுத்திக்கொண்டு செல்பவரைக் காண நேர்கிறது. நாமும் சென்ற ஆண்டுவரை அவ்வாறு சென்றவர்தாம். அவருக்கு உட்சுழற்சிப் பொத்தான் கிடையாது. எதிர்வரும் சங்கக் கூட்டத்தில், நம் பேட்டையில் குப்பை கொளுத்துவதைப் பற்றி நகராட்சிக்கு ஒரு மனுக் கொடுக்கும் யோசனையைக் கொண்டுவர எண்ணியிருக்கிறோம்.

அம்மா தைப் பொங்கலுக்குப் பின் ஊர் திரும்பினார். 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட செர்லபள்ளி முனையம் நமக்கு அண்மையில் இருப்பதால், மல்காஜ்கிரி நெரிசலில் சிக்காமலே சென்று வழியனுப்பினோம். வழியில் இருமல் இல்லை. "அடுத்த தடவை வரும்போது அந்தக் கறுப்புப் பலகையை மாற்றி வைத்துவிடு" என்று மட்டும் சொல்லிச் சென்றிருக்கிறார்.

தாங்களே பில்டரைக் கழற்றத் தயங்கும் அன்பர்கள், அடுத்த மாதக் கூட்டத்துக்குக் காரை எடுத்து வாருங்கள். கூட்டம் முடிந்தபின் வாயிலருகே மரத்தடியில் நாம் காத்திருப்போம். ஒரு காருக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். க்ளவ் பாக்ஸிலுள்ள காகிதங்களை மட்டும் முன்னரே எடுத்து வைத்துவிடுங்கள். சென்ற முறை ஒரு நண்பரின் இன்ஷூரன்ஸ் பத்திரம் வேப்பிலையோடு வேப்பிலையாகக் குப்பைக்குப் போகத் தெரிந்தது.